விண்டோஸ் அடிப்பதற்கு முன்: பழைய கொம்பியூட்டரில் எந்தக் கோளாறுக்கு எது மருந்து

"மெஷின் சரியான ஸ்லோ, விண்டோஸ் ஒன்று அடித்துத் தாங்க." இலங்கை மலையகத்தில் ஹட்டன் ஆனாலும் பண்டாரவளை ஆனாலும் பழைய கொம்பியூட்டர் கடைக்கு வரும்போது இந்த வாசகமும் கூடவே வரும். கடையிலும் அடித்து, அதாவது பழையதை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் பறக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கோளாறு விண்டோஸில் இருந்திருக்காது. ஹார்ட் டிஸ்க்கிலோ, ரெம் என்ற நினைவகக் குச்சியிலோ, ஒரு சின்ன பட்டன் பெட்டரியிலோ, வீட்டுக்கு வரும் கரண்டிலோ இருந்திருக்கும். அதனால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடிப்பதா விடுவதா என்ற பேச்சு.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி அதிலிருந்தே கொம்பியூட்டரைத் திறவுங்கள். இன்ஸ்டோல் ஐகொனைத் தொட வேண்டாம், பார்ப்பதற்கு மட்டும். அரை மணி நேரம் இணையத்தில் உலாவுங்கள், ஒரு வீடியோ ஓட விடுங்கள். அங்கேயும் உறைந்து நின்றாலோ, தானாக அணைந்தாலோ, ஸ்கிரீனில் கோடு விழுந்தாலோ உறுப்பில்தான் கோளாறு. விண்டோஸைப் பத்து முறை அடித்தாலும் அது போகாது. மின்ட்டில் சுகமாக ஓடினால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் இரண்டு: விண்டோஸ், இல்லாவிட்டால் அது குடியிருக்கும் டிஸ்க்.

கீழே கட்டளைகளை வாசிக்கும் ஒலியில் தமிழிலேயே தந்திருக்கிறோம். அடிக்கும்போது அடைப்புக்குள் உள்ளபடி ஆங்கில எழுத்தில் அடியுங்கள், சின்ன எழுத்தே போதும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான கொமாண்ட் ப்ரொம்ப்ட்டை மவுஸின் வலது பட்டனால் தொட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கட்டளைகள் அனுமதி இல்லை என்று திருப்பிவிடும்.

ஒன் செய்தால் ஐந்து நிமிடம் சுற்றுகிறது, எதைத் தொட்டாலும் யோசிக்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். அதற்குக் கீழே உள்ள வாசிப்பு வேகமும் பதிலளிக்கும் நேரமும்தான் உண்மையைச் சொல்லும். விநாடிக்கு 30, 40 எம்பி ஓடிக்கொண்டு 100 காட்டினால் டிஸ்க் வேலை செய்கிறது, வேலைதான் அதிகம். ஒரு எம்பிகூட ஓடாமல், பதிலளிக்கும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி விநாடி என்று ஏறியிருந்தால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று தோற்கிறது.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). சி5 வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 கைவிடப்பட்டவை. சி7 வயர் வழியில் வந்த பிழை. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், 10 என்று இருந்தால் 16 என்று பொருள். செட்டிங்கில் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

சி7 மட்டும் ஏறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் உள்ள சாட்டா வயரை மாற்றினால் போதும். பழைய எண் இறங்காது, புதிதாக ஏறாமல் இருந்தால் சரி. சி5 அல்லது சி6 பூச்சியத்துக்கு மேல் என்றால் கதை வேறு. அந்த நிமிடத்திலிருந்து அந்த டிஸ்க் நோயாளி. முதல் வேலை பிள்ளைகளின் படங்களையும் எழுத்து வேலைகளையும் வெளியே எடுப்பது. பெரிய வீடியோக்கள் கடைசியில். 'செக்டிஸ்க் சி: /ஆர்' (chkdsk c: /r) என்ற கட்டளையை இந்த நிலையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது முழு டிஸ்க்கையும் மூலை முடுக்கெல்லாம் வாசிக்கும், சாகக் கிடப்பதை மலையேறச் சொல்வது போல. இரவு ஓட விட்டுப் படுத்தவர்கள் காலையில் டிஸ்க்கே தெரியாத கொம்பியூட்டரோடு வருவது இப்படித்தான்.

நான்கு வரிகளும் சுத்தமாக இருந்தும் ஆமை வேகம் என்றால், டிஸ்க் நல்லது, வகைதான் பழையது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கால் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு முறை அளவில்தான் எட்டிப் பிடிக்க முடியும். சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை பிடிக்கும். விண்டோஸ் 10 பின்னால் ஓட்டும் வேலைகளுக்குப் பழைய டிஸ்க் ஈடுகொடுக்காது. 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். லெப்டொப் என்றால் 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிப்பு. பழைய லெப்டொப்பில் 9.5 மில்லிமீட்டர் இடம் இருந்தால் கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிவிடலாம். ரெம் 4 ஜிபி என்றால் அதை 8 ஆக்குவது இரண்டாவது செலவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்கே போங்கள்.

எஸ்எஸ்டிக்கு மாறும்போது பழையதை அப்படியே பிரதி எடுப்பதா, புதிதாக அடிப்பதா? சி5 பூச்சியமாகவும் விண்டோஸ் வேறு தொல்லை தராமலும் இருந்தால் பிரதி எடுக்கலாம், ஒரு மென்பொருளையும் இழக்க மாட்டீர்கள். செக்டர் பழுதான டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்தால் பழுதான கோப்புகளும் சேர்ந்தே வரும். அங்கே புதிதாக அடிப்பதுதான் முறை.

விண்டோஸையே காணோம் என்கிறது, திகதியும் பின்னால் போயிருக்கிறது

மலையகத்தில் வீணாக அடிக்கப்படும் விண்டோஸ்களில் இந்தக் கோளாறுக்குத் தனி இடம் கொடுக்கலாம். மதர்போர்டில் சிஆர்2032 என்ற பட்டன் பெட்டரி ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டையும் பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் காப்பது அதுதான். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். மீட்டரில் 2.7, 2.8 என்று இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பெட்டரி செத்தால் முதலில் திகதி பழைய வருடத்துக்கு ஓடும். திகதி பிழையானால் வங்கித் தளம், மின்னஞ்சல் எல்லாம் "பாதுகாப்பற்றது" என்று முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அவற்றின் சான்றிதழ்கள் திகதியை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகின்றன. இதை வைரஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. அடுத்த கட்டம் இன்னும் மோசம். பயோஸ் தன் பிறந்த நிலைக்குத் திரும்பும். 2010ஐ ஒட்டிய பல போர்டுகளில் அந்த நிலையில் சாட்டா அமைப்பு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்று இருக்கும். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ அமைப்பில் பழகியது. நீலத்திரை வந்து, 'இன்எக்ஸசிபிள் பூட் டிவைஸ்' அல்லது 7பி என்ற குறியோடு நிற்கும். வேறு சில போர்டுகளில் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு துவக்க முறைகள் இடம் மாறி, துவக்க டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்து வரும். விண்டோஸ் உள்ளே நலமாகத்தான் இருக்கிறது, வாசல் கதவுதான் மாறிவிட்டது.

பெட்டரியை மாற்றி, பயோஸுக்குள் போய்த் திகதியைத் திருத்தி, சாட்டாவை ஏஎச்சிஐக்கும் பூட் முறையை முன்பிருந்ததற்கும் மாற்றுங்கள். முன்பு எது இருந்தது என்று தெரியாவிட்டால் இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதுவும் அழியாது. நல்ல நாளிலேயே பயோஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்தால் இந்தத் தேடலே இல்லை. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்ட லெப்டொப் என்றால் பயோஸ் மாறியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

காலையில் ஒன் ஆகாமல் பீப் அடிக்கிறது, வெயில் ஏறினால் சரியாகிறது

நுவரெலியா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து மூடுபனியின் கைவண்ணம். இரவெல்லாம் குளிர்ந்த உலோகத்தில், காலையில் அடுப்பு மூட்டியதும் எழும் சூடான ஈரக்காற்று பட்டு நீர் பூக்கிறது. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) கொம்பியூட்டர் அடுப்படிக்கு அடுத்த சுவரில் இருந்தால் விறகுப் புகையின் கரியும் சேர்ந்து ரெம் குச்சியின் தங்கப் பற்களில் படலமாகப் பிடிக்கும். தொடுகை போனால் பீப், இல்லாவிட்டால் இருட்டுத் திரை.

வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். ரெம்மைக் கழற்றி, பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடையுங்கள். பார்மசி ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அதைத்தான் பாவிப்பதென்றால் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். திருப்பிப் போடும்போது இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழ வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் அடுத்த மாதம் இதே வேலை.

இரவில் அணைத்த சூட்டோடு பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடும் பழக்கம் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். ஆறிய பிறகு துணியால் மூடுங்கள். மழையில் பையில் வந்த லெப்டொப்பை உடனே ஒன் செய்ய வேண்டாம், அரை மணி நேரம் அறைச் சூட்டில் இருக்கட்டும்.

நீலத்திரை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறி

ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரை, அதாவது உறுப்பை இயக்கும் மென்பொருளைச் சந்தேகியுங்கள். கடைசியாகப் போட்ட பிரின்டர், டொங்கல், கிராபிக்ஸ் டிரைவரைக் கழற்றிப் பாருங்கள். நாளுக்கு ஒரு குறி என்றால் ரெம். ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி நான்கு சுற்றும் முடியும்வரை ஓட விடுங்கள், 8 ஜிபிக்குப் பல மணி நேரம் எடுக்கும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது பழுதுதான், 'பரவாயில்லை' என்ற கணக்கு ரெம்மில் கிடையாது. இரண்டு குச்சி இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். பழுதான ரெம்மோடு புதிய விண்டோஸ் அடித்தால் அது அடிக்கும்போதே கெட்டுப்போகும்.

கரண்ட் போய் வந்தது, பிறகு 'ரிப்பேர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது

எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்திருக்கும். தொடர்ந்து சில முறை துவக்கம் தோற்றால் விண்டோஸ் தானே மீட்புத் திரையைக் காட்டும். அங்கே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட்டை எடுங்கள்.

முதலில் கோப்புகளை வெளியே எடுப்போம். அந்தக் கறுப்புத் திரையில் 'நோட்பேட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் போய், கீழே 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் முழு டிஸ்க்கும் கண்முன்னே. வலது பட்டனால் கொபி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். விண்டோஸ் துவங்காத கொம்பியூட்டரிலிருந்து ஐந்து சதம் செலவில்லாமல் படங்களை எடுக்கும் வழி இது. அதே ஜன்னலில் விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். மீட்புத் திரையில் சி என்பது டி ஆகியிருக்கலாம்.

எழுத்து தெரிந்ததும், சி உள்ள இடத்தில் அந்த எழுத்தைப் போட்டு 'செக்டிஸ்க் சி: /எஃப்' (chkdsk c: /f). இது கோப்பு அட்டவணையை மட்டும் சரிபார்ப்பது, முன்பு எச்சரித்த /ஆர் அல்ல. முடிந்ததும் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒரு முறை ஓட்டுங்கள். துவக்கக் கோப்பே காணோம் என்றால் 'பிசிடிபூட் சி:\விண்டோஸ்' (bcdboot c:\windows) அதைத் திரும்ப எழுதும். சமீபத்திய அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரெஸ்டோர் இரண்டும் அதே பக்கத்தில் இருக்கின்றன.

இது மாதம் ஒருமுறை நடந்தால் மருந்து 650 விஏ யுபிஎஸ்தான். அது வேலையைத் தொடர்வதற்கு அல்ல, ஐந்து நிமிடத்தில் ஒழுங்காக அணைப்பதற்கு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் கை விரிக்கும், அப்போது அதை மட்டும் மாற்றலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலுக்கு யுபிஎஸ் தடுப்பு அல்ல. பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் சேர்த்து.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, அப்டேட் ஏற மறுக்கிறது

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெட்டியும் நிற்கும், அதில் சரி போட்டால் நீங்கள் இறக்கி வைத்த பாஸ்ட் பேப்பர் எல்லாம் போய்விடும். அடுத்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஓஃப்' (powercfg /h off). இது, ரெம்மில் இருப்பதை டிஸ்க்கில் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பை நீக்கி, ரெம்மின் அளவில் ஏறக்குறைய 40 சதவீத இடத்தைத் திருப்பித் தரும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். அதனால் இன்னொரு லாபம்: அது இருக்கும்வரை 'ஷட்டவுன்' முழு ஷட்டவுன் அல்ல, பழைய கோளாறு மறுநாளும் அப்படியே எழும்பி வரும்.

கோப்புகள் கெட்டிருக்கிறதா என்று பார்க்க முதலில் 'டிஸ்ம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' (dism /online /cleanup-image /restorehealth), பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' (sfc /scannow). இந்த ஒழுங்கு முக்கியம். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் களஞ்சியத்தையே டிஸ்ம்தான் செப்பனிடுகிறது. டிஸ்ம் இணையத்திலிருந்து இறக்கும் என்பதால் டேட்டா இருக்கும்போது செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரெம் பூஸ்டர் என்று வருபவை எதையும் போட வேண்டாம். அவை கண்டுபிடிக்கும் 'ஆயிரம் பிழைகள்' காசு கேட்பதற்காகவே கண்டுபிடிக்கப்படுபவை.

அடித்த பிறகு தமிழ் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது

கொம்யூனிகேஷன் கடைகளிலும் பாடசாலைகளிலும் தட்டச்சு செய்த பழைய கடிதங்களும் வினாத்தாள்களும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் அடித்ததும் பாமினி போய்விடும், முகமூடி கழன்றுவிடும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி இருந்தால் அது பாமினி வகை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கோப்பு கெடவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும்.

அதனால் அடிப்பதற்கு முன் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவுக்கு எடுத்து வையுங்கள். இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள், பழையதை எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடாக்கலாம். யூனிகோடிலேயே எழுதியது வரி குலைந்து தெரிந்தால் காரணம் வேறு. லதா, விஜயா எழுத்துருக்கள் விண்டோஸ் 10 முதல் தாமாக வருவதில்லை, நிர்மலா மட்டும் வரும். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸைச் சேர்த்தால் லதா திரும்பும்.

பென் டிரைவைப் போட்டால் எல்லாம் குறுக்குவழி ஐகொன்கள்

கோப்புகள் அழியவில்லை, வைரஸ் மறைத்து வைத்திருக்கிறது. முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன். பிறகு பென் டிரைவ் எஃப் என்றால் 'அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி எஃப்:\*.*' (attrib -h -r -s /s /d f:\*.*). ஆனால் காசு கொடுக்காத விண்டோஸை இயங்க வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டிய விண்டோஸ் என்றால் சுத்தம் செய்வதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். பல ஆக்டிவேட்டர்கள் முதலில் செய்யும் வேலையே டிஃபெண்டரின் கண்ணைக் கட்டுவது. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அடித்துவிடுங்கள்.

உறுப்பெல்லாம் நல்லது, விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு

அப்போதும் நேரே போர்மட்டுக்குப் போக வேண்டாம். நடுவில் ஒரு படி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் பொதியும் அடங்கிய ஒற்றைக் கோப்பை), ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே இரட்டைச் சொடுக்கில் திறந்து 'செட்அப்'பை ஓட்டுங்கள். கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள் என்பதைத் தெரிவு செய்தால், எதையும் இழக்காமல் விண்டோஸ் மட்டும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மொழியும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், ஐஎஸ்ஓ இப்போது இருப்பதைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, சி டிரைவில் 20 ஜிபி அளவு இடம் வேண்டும். கணக்கு மென்பொருள் போட்ட கடைக்காரர்களுக்கு இதுதான் உயிர் காக்கும் வழி.

32 பிட் விண்டோஸுக்கு மட்டும் இது உதவாது. ரெம் 8 ஜிபி போட்டும் நாலுக்கு உள்ளேதான் பாவிக்கிறது என்றால், 64 பிட்டைப் புதிதாக அடிக்காமல் விமோசனம் இல்லை.

சரி, அடிக்கத்தான் வேண்டும் என்றால்: டெஸ்க்டொப், டொகியுமண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், ஃபொன்ட்ஸ், பிரவுசர் புக்மார்க்குகள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இன்னொரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ண வேண்டாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசன்ஸ் என்று இருந்தால் அதே மெஷினில் அதே பதிப்பு தானாக ஆக்டிவேட் ஆகும். ஐஎஸ்ஓ பல ஜிபி வரும், அதனால் பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள். வைஃபை டிரைவரையும் அப்போதே இறக்கிப் பென் டிரைவில் போடுங்கள். மறந்துவிட்டால் போனை வயரால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டு இணையம் எடுக்கலாம்.

இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் போகாத டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிரிவுகளைக் காட்டும் திரையில் பெயரை மட்டும் நம்பாமல் அளவைப் பாருங்கள். பழைய சி பிரிவையும் சிஸ்டம் என்று குறித்த சின்னப் பிரிவுகளையும் மட்டும் அழியுங்கள், டி பக்கம் போக வேண்டாம். டிஸ்க் ஜிபிடி (புதிய பிரிவு முறை) வகை, நிறுவ முடியாது என்று மறுத்தால் டிஸ்க்கை அழிக்க ஓடாதீர்கள். விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவ் லெகசி வழியில் துவங்கியிருக்கிறது. வெளியே வந்து பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தெரிவு செய்தால் அதே டிஸ்க் ஏற்றுக்கொள்ளும்.

எந்தப் பதிப்பை அடிப்பது? விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது, அதற்குப் பின்னான பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனியாகப் பதிய வேண்டும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அதற்குக் கீழ் உள்ள மெஷினில் குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் மைக்ரோசொஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. பிரவுசர், ஸூம் வகுப்பு, கடிதம் என்று மட்டும் பாவிக்கும் 4 ஜிபி மெஷினுக்கு எங்கள் தெரிவு, சோதனைக்காக ஏற்றிய அதே மின்ட் பென் டிரைவ்தான். அப்போது மட்டும் அந்த இன்ஸ்டோல் ஐகொனை அழுத்தலாம்.

புது விண்டோஸ் ஏறியதும் இணையத்தை இணைத்த கையோடு அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளவுக்குட்பட்ட டேட்டா) என்று குறியுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் ஒரே இரவில் மாத டேட்டாவை விழுங்கிவிடும். டிரைவர்கள், எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை, பிரின்டர் எல்லாம் சரியான பிறகு ஒரு ரெஸ்டோர் பொயின்ட் போடுங்கள். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து இன்றைய நான்கு எண்களையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை 'ஸ்லோ' என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.